சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீட்டில் சிமென்ட் பூசிய இரண்டே வருடத்தில் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மறுபடி சிமென்ட் பூசாதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு படிகமாகிச் செங்கல்லையே அரிக்கும். இன்று நாம் பூசும் சாதாரணச் சிமென்டான போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். உங்கள் சுவரைக் கட்டிய கொத்தனார் அதைவிடப் பழைய அறிவை நம்பியவர்: தண்ணீரை மறிக்காமல் போகவிடுவது. எனக்கு அந்த அறிவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, இப்போது சிமென்டைப் பதமாகக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். மேலே எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.