ஆஸ்துமாவுக்கு ஊசி: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 38, மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்தும் கடந்த ஓராண்டில் நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. போகிக்கு மறுநாள் மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். தோல் பரிசோதனையில் தூசியில் இருக்கும் சிற்றுண்ணியும் கரப்பான் பூச்சியும் எனக்கு ஒவ்வாது என்று தெரிந்தது. ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவு 640. இப்போது நுரையீரல் மருத்துவர் ஒமாலிசுமாப் என்ற ஊசியைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். நகையை அடகு வைத்தாவது போட்டுவிடலாம் என்பது என் கணவரின் எண்ணம். ஒருமுறை தொடங்கினால் உடம்பு அதற்குப் பழகிவிடும், ஆயுளுக்கும் விட முடியாது என்று மாமியார் அஞ்சுகிறார். ஊசி போட்டவுடன் சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரும் என்று படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. உங்கள் அக்கா இதே ஊசி போட்டுக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் போட்டுக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

போடலாம், வேண்டாம் என்று சொல்லும் தகுதி உங்களைப் பரிசோதித்த மருத்துவருக்குத்தான் உண்டு. ஆனால் இந்த முடிவை எப்படி எடுப்பது என்பது பற்றி, ஒரு குடும்பமாக இதைக் கடந்து வந்தவன் என்ற முறையில், சொல்வதற்குச் சில எனக்கு உண்டு.

உங்கள் கடிதத்தில் ஊசியின் செலவையும் ஆபத்துகளையும் மூன்று பேருமாக எண்ணியிருக்கிறீர்கள். ஓராண்டில் நான்கு முறை சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையை ஒருவரும் எண்ணவில்லை. மூச்சு முட்டும் நேரத்தில் அந்த மாத்திரை உயிர்காக்கும் மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் அடிக்கடி எடுக்க நேரும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை என்று அது தன் கணக்கை உடம்பில் எழுதிக்கொண்டே போகிறது. போகிக்கு மறுநாள் போல இன்னொரு நாள் வந்தால் என்ன ஆகும் என்ற ஆபத்தும் அதோடு சேர்கிறது. ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தால் நீங்கள் தொடரப்போவது இந்த வாழ்க்கையைத்தான். ஆகையால் ஊசியை இதோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நீங்கள் படித்த ஆபத்து உண்மையானது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்துக்கு, கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி நேரலாம் என்ற எச்சரிக்கை 2007இல் முதன்மை எச்சரிக்கையாகவே சேர்க்கப்பட்டது. ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அது நேர்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று ஊசிகளுக்குள், போட்ட இரண்டு மணி நேரத்திற்குள் நேர்கிறது. ஓராண்டு கழித்து நேர்ந்ததும் உண்டு. அதனால்தான் அந்த அதிர்ச்சிக்கு உடனே கொடுக்கும் அட்ரினலின் மருந்து கைவசம் உள்ள மருத்துவமனையில் போட்டு, தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். திருவொற்றியூரில் இருக்கும் என் அக்காவுடன் துணைக்குப் போனபோது இதை அருகிலிருந்து பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியில் வெண்பொடி இருந்தது. செவிலியர் அதில் நீரைச் செலுத்திக் குலுக்காமல் மெல்லச் சுழற்றுவதும், கீழே வைப்பதும், மீண்டும் சுழற்றுவதுமாகக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். கரைந்த பிறகும் மருந்து சற்றுக் கொழகொழப்பாகவே இருந்ததால் ஊசியை மெதுவாக அழுத்தினார். பிறகு அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், செவிலியர் இடையிடையே வந்து தொண்டை அடைக்கிறதா, தோலில் தடிப்பு வருகிறதா என்று கேட்டுப் போனார். அவசரமாகப் போட்டு உடனே வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை நான் மிகவும் வலியுறுத்துவேன். உங்களுடையது உண்மையிலேயே கடுமையான ஆஸ்துமாவா, அல்லது மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேராத ஆஸ்துமாவா? பம்ப்பை அழுத்தி முடித்த பிறகே மூச்சை இழுப்பது பல ஆண்டுகளாக அக்காவின் வழக்கம். மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிட்டது. அவள் போய்வந்த ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்தார்களே தவிர, ஒருமுறை எங்கள் முன்னால் அடித்துக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழல்) வைத்து முறையாக எடுக்கத் தொடங்கியதும் பாதித் தொல்லை குறைந்தது, மீதிப் பாதிக்குத்தான் ஊசி தேவைப்பட்டது. நீங்களும் உங்கள் இன்ஹேலரை மருத்துவர் முன்னால் எடுத்துக் காட்டுங்கள். மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், வீட்டில் யாராவது புகைப்பது ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐஜிஇ 640 என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. குடற்புழு இருந்தாலும் அந்த எண் ஏறும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமையாலும் ஏறும். நம் நாட்டு ஆஸ்துமா நோயாளிகளிடம் அது அரிதன்று, அதற்குச் சிகிச்சையும் வேறு. இரண்டையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஈசனோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தால் மெப்போலிசுமாப், பென்ரலிசுமாப் போன்ற வேறு ஊசிகளும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் அந்த எண்ணிக்கை சரிந்து காட்டும் என்பதால், எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்பதும் முக்கியம்.

நம் வடசென்னைக்காரர்களுக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊசி, ரத்தத்தில் திரியும் ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு, அது ஒவ்வாமை அணுக்களில் போய் ஒட்டாமல் தடுக்கிறது. ஆகவே கரப்பானாலும் தூசிச் சிற்றுண்ணியாலும் கிளம்பும் இழுப்பை அது தணிக்கும். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகை, மணலிப் பக்கமிருந்து வரும் நெடி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் கரி ஆகியவை மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலூட்டுபவை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மூச்சுத் திணறியவர்களுக்கு ஒவ்வாமை காரணமன்று, வாயுதான் காரணம். ஊசி போட்டுவிட்டோம் என்று போகிப் புகையில் நிற்க முடியாது. ஆனாலும் நெருக்கமான வீடுகளில் வாழ்வோருக்கு இம்மருந்து நன்றாகவே உதவியதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நகரங்களின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 419 சிறுவர்களையும் இளையோரையும் கொண்டு நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், கடும் தாக்குதலுக்கு ஆளானவர்கள் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர், மருந்து போட்ட பிரிவில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. கரப்பான் ஒவ்வாமை உடையவர்களுக்குப் பலன் குறிப்பாகத் தெரிந்தது. அவர்கள் உங்களைவிட இளையவர்கள் என்றாலும், உங்கள் தோல் பரிசோதனை முடிவைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை தந்தது இந்தச் செய்திதான்.

மாமியாரின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. இது ஸ்டீராய்டு அன்று, உடம்பை அடிமையாக்கும் பொருளும் அன்று. நிறுத்தினால் சில மாதங்களில் அதன் வேலை முடிந்துவிடும், பழைய நிலை திரும்பலாம். ஏறத்தாழ ஐந்தாண்டு போட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஓராண்டில் கடும் தாக்குதல் வரவில்லை. தொடர்ந்தவர்களிலோ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வரவில்லை. ஆயுள் முழுவதும் என்று இன்றே யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

உண்மையில் நீங்கள் இப்போது முடிவு செய்ய வேண்டியது நான்கு மாதத்தைப் பற்றி மட்டுமே. 16 வாரம் போட்டுப் பார்த்து, பலன் இருந்தால் தொடர்வது, இல்லையென்றால் நிறுத்துவது என்பதே மருத்துவர்களின் வழக்கம். தொடங்கும் முன்பே எதைப் பலன் என்று கொள்வது என அவரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்: இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், அவசர இன்ஹேலரை எத்தனை முறை தேடுகிறீர்கள், மாத்திரை தேவைப்பட்டதா. இடையில் ஐஜிஇயை மறுபடி பார்த்துக் கலங்க வேண்டாம், இந்த ஊசி போடும்போது அந்த எண் ஏறித்தான் காட்டும். அன்றாட இன்ஹேலரை ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீர் இழுப்புக்கு இந்த ஊசி உதவாது.

பணத்தைப் பற்றிக் கணவரிடம் பேசுங்கள். மருந்தின் அளவு உங்கள் எடையையும் ஐஜிஇயையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, நான்கு வாரத்துக்கு ஒருமுறையா என்பதும் அதைப் பொறுத்ததே. ஒருவருக்கு மாதம் ஒரு குப்பி போதும், இன்னொருவருக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். ஆகவே நகையை எடுக்கும் முன் மாதத்துக்கு எத்தனை குப்பி என்று மருத்துவரிடம் கேட்டு, நான்கு மாதச் செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம், முதலமைச்சர் காப்பீட்டில் இதற்கு வழி உண்டா என்றும் அங்கேயே விசாரிக்கலாம். போகும்போது ஓராண்டு மருந்துச் சீட்டுகள், போகி நேரத்து டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் தினமும் அடிக்கும் அதே இன்ஹேலர் மூன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.