வளர்ந்துவரும் நகரத்தில், எங்கள் பகுதியில் திருட்டைத் தடுக்க கேமரா வைத்தால் போதுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் தெருவிலும் கேமராவுக்கு வசூல் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குத் தெருக்கோடி வரை நடந்து பாருங்கள்.

நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனிக் காவல் ஆணையரகம் வந்துவிட்டது. அந்த அளவுக்கு ஊர் பெருத்துவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் பாதி மனை காலி, ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், உள்ளே சாயங்காலமானால் பாட்டிலோடு ஒரு கூட்டம்.

அந்த மனை ஓரமாகத்தான் எதிர்வீட்டு அக்காவின் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கேமரா பக்கத்துக் கம்பத்திலேயே இருந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தால் வண்டி தெரிகிறது, ஹெல்மெட் தெரிகிறது, நம்பர் பிளேட் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பிளேட்டில் பட்டுத் திரும்பினால் அப்படித்தான் ஆகுமாம். மாட்டிவிட்டுப் போனவர் அப்புறம் சொன்னார், விற்கும்போது சொல்லவில்லை. அந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்தே பல வாரம்.

ஸ்டேஷனில் முதலில், புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். 2024 ஜூலை 1இல் வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304ஆம் பிரிவில் தனிக் குற்றம், எஃப்ஐஆர் போட்டு நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். போட்டார்கள். போலீஸைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ராத்திரி ரோந்து வந்த காவலர் தங்கமான மனிதர். இரண்டு வண்டி அகலத் தெருவில் இருட்டில் அவர் மட்டும் என்ன செய்வார்?

அதன்பிறகு நாங்கள் சில பெண்கள் சேர்ந்து, எரியாத விளக்குகளின் கம்பத்து எண்ணை ஒவ்வொன்றாகக் குறித்து மனு கொடுத்தோம். 'தெருவிளக்கு எரியவில்லை' என்று மொட்டையாக எழுதினால் ஒன்றும் நடக்காது, எண் போட்டால் ஆள் வருகிறான். மனைக்காரருக்கு நோட்டீஸ் போய் ஜேசிபி வந்து முள்ளை வழித்தது. இப்போது அந்த விளக்கடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது, பிள்ளைகள் ஒன்பது மணிவரை ஷட்டில் ஆடுகிறார்கள். திருட்டே நின்றுவிட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன். பாட்டில் கூட்டம் வேறு இடம் பார்த்துக்கொண்டது, அவ்வளவு தெரியும்.

இன்னொன்று, வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் பூட்டிய வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். அதைச் சொல்லப் பயப்படுகிறவர்கள்தான் ஊட்டியிலிருந்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செயின் போன அன்று ராத்திரியே சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில், பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள்தான் என்று தீர்ப்பு எழுதி, அவர்கள் ஆதாரை வாங்கிப் படமெடுத்துப் போட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவன்தான் பைக்கைத் துரத்திக்கொண்டு ஓடியவன். அதை அக்காவே குரூப்பில் எழுதினார், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இப்போது இரண்டாவது கேமராவுக்கு வசூல் நடக்கிறது. முதல் கேமராவின் கணக்கைக் கேட்டேன், குரூப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.