பழைய கணினியை ரவுட்டராக மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: மூன்று நெட்வொர்க் கார்டுகள் உள்ள கணினியில் லினக்ஸ் போட்டேன். கார்டுகளுக்கு 192.168.1.10, 192.168.1.11, 192.168.1.12 என்று முகவரி கொடுத்தேன். ரவுட்டராக வேலை செய்யவே இல்லையே, ஏன் சார்?

பதில்: மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுதான் சிக்கல். வேறு வேறு நெட்வொர்க்குகளுக்கு நடுவே பாக்கெட்டை (தரவுத் துண்டை) கடத்திவிடுவதுதான் ரவுட்டரின் வேலை. இப்போது 192.168.1.50-க்குப் போக மூன்று வழி இருப்பதாகக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நினைக்கும், அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டு கார்டுகளில் இருப்பவர்களுக்குப் பதிலே போகாது.

மோடம் பக்கக் கார்டு தன் முகவரியை டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாக வாங்கிக்கொள்ளட்டும். உள் கார்டுகளுக்கு 192.168.10.1, 192.168.20.1 என்று கொடுங்கள், மாஸ்க் (நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்வது) 255.255.255.0. கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி) வெளிக் கார்டுக்கு, அதாவது மோடம் பக்கக் கார்டுக்கு மட்டும்தான். உள் கார்டுகளில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேள்வி: அப்படியே செய்தேன். ரவுட்டரிலிருந்து இணையம் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் கணினிகளுக்குக் கிடைக்கவில்லை.

பதில்: இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலில் ஐபி ஃபார்வர்டிங், அதாவது ஒரு கார்டில் வரும் பாக்கெட்டை இன்னொரு கார்டு வழியாக அனுப்புவது. லினக்ஸ் கெர்னலில் இது இயல்பாக 0, அதை 1 ஆக்க வேண்டும். மறுபடி பூட் செய்தாலும் நிலைக்கும்படி சிஸ்கன்ட்ரோல் (sysctl) எனும் கெர்னல் அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது நாட் (NAT), அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்புவது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்கு இணையத்திலிருந்து பதில் திரும்பி வராது. அதனால் வெளிக் கார்டு வழியாகப் போகும் பாக்கெட்டுகளுக்கு அந்த மாற்றத்தைச் செய்யும் மாஸ்கரேட் விதி வேண்டும்.

எது குறை என்று ஊகிக்க வேண்டாம். வெளிக் கார்டில் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட விட்டு, உள்ளேயிருந்து 8.8.8.8-க்குப் பிங் செய்யுங்கள். பாக்கெட்டே தெரியவில்லை என்றால் ஃபார்வர்டிங் அல்லது ஃபயர்வாலில் கோளாறு. 192.168.10-இல் தொடங்கும் முகவரியோடு வெளியேறினால் நாட் வேலை செய்யவில்லை. பிங் போகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றுவது) பக்கம் போங்கள். டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் ஒன்றே டிஹெச்சிபி, டிஎன்எஸ் இரண்டையும் கவனித்துக்கொள்ளும்.

கேள்வி: சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன. பிபிபிஓஈ (PPPoE, பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பு.

பதில்: பிபிபிஓஈ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500-லிருந்து 1492 ஆகக் குறைகிறது. உள் கணினிகளுக்கு அது தெரியாது. பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலைந்துபோகின்றன. ஃபார்வர்ட் விதிகளில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (ஒரு டிசிபி பாக்கெட்டில் வரும் தரவின் அளவுக்கு வரம்பு வைப்பது) சேருங்கள், ஐபிவி4-க்கு 1452 பைட். சரியாகிவிடும்.

கேள்வி: விருந்தினர் நெட்வொர்க்கை மூன்றாவது கார்டில் வைத்திருக்கிறேன். அவர்கள் என் கணினிகளைப் பார்க்கக் கூடாது.

பதில்: ஃபார்வர்டிங்கைத் திறந்தவுடன் 192.168.10, 192.168.20 நெட்வொர்க்குகள் இரண்டும் தாராளமாகப் பேசிக்கொள்ளும். நாட் இதைத் தடுக்காது, அதை ஃபயர்வால் என்று நம்பவும் வேண்டாம். எனவே ஃபயர்வாலின் ஃபார்வர்ட் சங்கிலியில் (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியல்) இயல்பு நிலையை டிராப், அதாவது தடுத்துவிடு, என்று வையுங்கள். ஏற்கெனவே தொடங்கிய உரையாடல்களுக்கான பதில்களை அனுமதியுங்கள், உள்ளிருந்து வெளிக் கார்டுக்குப் போவதை அனுமதியுங்கள். வேறெதையும் திறக்காதீர்கள். ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கு இன்புட் சங்கிலி தனி. எஸ்எஸ்ஹெச்சை (தொலைவிலிருந்து நுழையும் வழி) உங்கள் கார்டிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். மோடம் கேபிளைச் செருகும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: பழைய பிசிஐ கார்டுகள் ஜிகாபிட் வேகம் தருமா?

பதில்: தராது. சாதாரண பிசிஐ பஸ்ஸின் (கார்டுகள் பொதுவாகப் பயன்படுத்தும் தரவுப் பாதை) மொத்தத் திறன் நொடிக்கு சுமார் 133 மெகாபைட், அதையும் எல்லாக் கார்டுகளும் பங்குபோட வேண்டும். ஜிகாபிட் ஒரு திசைக்கே 125 மெகாபைட் கேட்கும். ரவுட்டரில் ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை பஸ்ஸைக் கடக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போடுங்கள். 100 மெகாபிட் இணைப்பென்றால் இருப்பதே போதும்.

கேள்வி: ஃபார்வர்டிங்கை இயக்கியதும் வெளிக் கார்டின் ஐபிவி6 போய்விட்டது!

பதில்: ஐபிவி6 ஃபார்வர்டிங் இயங்கினால் லினக்ஸ் தன்னை ரவுட்டராகக் கருதி, மற்ற ரவுட்டர்களின் அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். வெளிக் கார்டின் அக்செப்ட் ஆர்ஏ (accept_ra, அந்த அறிவிப்புகளை ஏற்பதற்கான அமைப்பு) மதிப்பை 2 ஆக்குங்கள். கூடவே ஃபயர்வால் விதிகள் ஐபிவி6-க்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் (nftables) ஐநெட் (inet) வகை அட்டவணையில் எழுதினால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே விதிகள் போதும்.