கட்டிங் மாஸ்டரின் மகளும் ஃபேஷன் மேடையும்

புதிய ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றி மும்பை வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நான் ஒரு தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்கிறாள். அது பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைகளின் தொழில் என்கிறார்கள் உறவினர்கள். அப்படித்தானா?
– வாசகர், தாராவி

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. துணி வாங்கி, மாதிரி தைத்து, ஒரு தொகுப்பை மேடையேற்றி, அது விற்றுப் பணம் கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். கையில் முதல் இல்லாத பலர் அந்த இடைவெளியிலேயே தொழிலை விட்டுப் போகிறார்கள். நடிகை நீனா குப்தாவுக்கும் கிரிக்கெட் வீரர் விவ் ரிச்சர்ட்ஸுக்கும் மகளான மசாபா குப்தா, 2009இல் மும்பையின் ஆடை அணிவகுப்பு விழாவான லாக்மே ஃபேஷன் வீக்கில் அறிமுகமானார். புடவையில் கேமரா படத்தை அச்சிட்டுக் கட்டவைத்த துணிச்சல் முழுக்க அவருடையதே. ஆனாலும், எல்லோருக்கும் தெரிந்த பெற்றோரின் பெயர் முதல் நாளில் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவைக்கும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மறுபாதியைக் கேளுங்கள். கான்பூருக்கு அருகே மல்ஹௌசி என்னும் சிற்றூரில் பிறந்த ராகுல் மிஸ்ரா முதலில் படித்தது இயற்பியல். பிறகுதான் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 2006இல் மும்பையில் அதே லாக்மே மேடையில் அவர் காட்டிய முதல் தொகுப்பு கேரளக் கைத்தறியில் அமைந்தது. 2014இல் மிலானில், கம்பளி ஆடை வடிவமைப்புக்குத் தரப்படும் சர்வதேச வுல்மார்க் பரிசைப் பெற்ற முதல் இந்தியரும், 2020இல் பாரிஸின் ஓத் கூத்தூர் (அளவெடுத்துக் கையால் செய்யும் உயர்தர ஆடை) வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளரும் அவரே. மும்பையின் குடிசைப் பகுதிகளில் எம்பிராய்டரி வேலை செய்துவந்த காரிகர்கள் (கைவினைஞர்கள்) சிலர் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கிருந்தபடியே வேலை செய்ய அவர் வழி செய்தது, பரிசுகளைவிடப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். சிற்றூரிலிருந்து நகரத்துக்கு வந்தவருக்கு, ஊரை விட்டு வருவதன் விலை தெரிந்திருக்கும் அல்லவா?

உங்கள் பேட்டையிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கியதே தாராவியின் தோல் தொழில் என்பதை நீங்கள் அறிவீர்கள். பதனிடும் கூடங்கள் வெளியேறிய பின்னரும் பை, பெல்ட், பர்ஸ் செய்யும் பட்டறைகள் அங்கே தொடர்ந்தன. 2015இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதற்கும் தடை விதித்தபோது அந்தப் பட்டறைகளில் பலருக்கு வேலை போயிற்று. மும்பையில் வளர்ந்தவரும், ஓவியக் கலைஞர்களிடம் உதவியாளராக இருந்தவரும், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவருமான சுதீர் ராஜ்பர், அந்தக் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, மறுசுழற்சி செய்த ரப்பரைத் தோல்போல வெட்டித் தைத்துப் பைகள் செய்யத் தொடங்கினார். வடநாட்டில் வசையாக வீசப்படும், தோல் தொழிலோடு பிணைந்த சாதிப் பெயரையே எடுத்து 'சமார்' என்று அந்த நிறுவனத்துக்குப் பெயரிட்டார். இங்கே பின்புலம் விளம்பரத்துக்காக ஒட்டிய கதையாக நிற்கவில்லை. எந்தப் பொருளில் செய்வது, யார் கையால் செய்வது, என்ன பெயரில் விற்பது என்ற மூன்றையும் அதுதான் தீர்மானித்தது.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு சொத்து இருக்கிறது. துணியை எப்படி மடித்துப் போட்டால் வீணாவது குறையும், குறுக்கு வாட்டத்தில் வெட்டினால் எப்படித் தொங்கும், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் இடுப்பு எத்தனை மணிக்கு வலிக்கத் தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டிலேயே தெரிந்தவை. வடிவமைப்புப் பட்டம் பெற்றபின் பட்டறைக்கு வந்து மாஸ்டர்களிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்களே அதிகம்.

கேள்வி: வடிவமைப்பாளர்களின் பேட்டி எதைப் படித்தாலும் 'பாட்டியின் பீரோவில் கண்ட புடவைதான் என் தூண்டுதல்' என்கிறார்களே, எல்லோருக்கும் அப்படி ஒரு பாட்டி வாய்த்தாரா?
– வாசகி, மாதுங்கா

பதில்: பாட்டிகள் இருந்திருப்பார்கள், பீரோ இருந்ததா என்பதுதான் ஐயம். விளையாட்டு இருக்கட்டும். நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அந்தக் கதையை நீக்கிவிட்டு ஆடையை மட்டும் பார்க்கும்போது, துணியிலோ வெட்டிலோ சாயத்திலோ அது தெரிகிறதா என்று பார்ப்பேன். பஞ்சாபின் பங்கா என்னும் சிறு நகரத்திலிருந்து வந்து 2016இல் ஆண்கள் ஆடைக்கான வுல்மார்க் பரிசை வென்ற சுகேத் தீர் தம் தாத்தாவைப் பற்றிப் பேசுபவர். அவருடைய தளர்வான, உடலை இறுக்காத கோட்டுகளைப் பார்த்தாலே, வெயில் நாட்டில் நிதானமாக உடுத்தி வாழ்ந்த ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். அத்தகைய கதையை நம்பலாம். தாமரையும் மயிலும் அச்சிட்ட பாலியஸ்டர் கவுனுக்குப் பாட்டியைத் துணைக்கு அழைப்பவரை நம்ப வேண்டியதில்லை.

கேள்வி: இந்த வரிசையில் தமிழர் எவரும் இல்லையா?
– வாசகர், செம்பூர்

பதில்: இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த கௌஷிக் வேலேந்திரா லண்டனில் ஆண்கள் ஆடை வடிவமைக்கிறார். வந்தவாசியில் பிறந்து துபாயில் வாழும் வினோ சுப்ரஜா, தெருக்கூத்தின் ஒப்பனையையும் உடையையும் லண்டன் மேடைக்குக் கொண்டுபோனார்; பவானி ஜமக்காளத்தில் கைப்பைகளும் செய்தார். ஜமக்காளம் தரையில் விரித்து உட்கார நெய்யப்படும் தடித்த துணி. அந்தத் தடிமனும் நீடித்து உழைக்கும் தன்மையும் பைக்குப் பொருந்துகின்றன என்பதால், முந்தைய பதிலில் சொன்ன சோதனையில் இது தேறிவிடுகிறது. பவானி நெசவாளர் ஒருவரும் அவருடன் அந்த மேடையில் நடந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேரத்தான் வேண்டுமா?
– வாசகி, கார்கர்

பதில்: கட்டாயம் இல்லை. உங்கள் ஊரிலேயே வளாகம் இருப்பதால் நேரில் சென்று விசாரிப்பது எளிது. நான்கு ஆண்டு பி.டெஸ். (வடிவமைப்பில் இளநிலைப் பட்டம்) படிப்புக்குப் படைப்பாற்றல் தேர்வு, பொதுத் திறன் தேர்வு, அவற்றில் தேறியவர்களுக்குச் சிச்சுவேஷன் டெஸ்ட் என மூன்று கட்டங்கள் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கட்டணத்தில் உதவி தரும் திட்டமும் இருக்கிறது; தாராவி வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் கட்டத்தில், அரங்கில் தரப்படும் பொருள்களை மட்டும் கொண்டு, கொடுத்த தலைப்புக்கு ஒரு முப்பரிமாண மாதிரி செய்ய வேண்டும். அட்டை, கம்பி, துணித்துண்டு, பசை ஆகியவற்றை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாவது வீட்டிலேயே செய்து பழகச் சொல்லுங்கள்.