வெங்காயம் வாங்கும்போது தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்

கேள்வி: சின்ன வெங்காயம் பம்பாய் வெங்காயத்தைவிட விலை கூட. உரிக்கவும் நேரம் போகிறது. எல்லாக் கறிக்கும் பம்பாய் வெங்காயத்தையே போட்டால் என்ன, அக்கா? (உப்புவெளி வாசகி)

பதில்: பாதிக் கறிக்குப் போடலாம். மீதிப் பாதிக்குத்தான் வேண்டாம் என்கிறேன். காரணம் தண்ணீர். பம்பாய் வெங்காயத்தில் 100 கிராமுக்கு 90 கிராம் அளவில் தண்ணீர்தான். சின்ன வெங்காயத்தில் அது 80 கிராம் அளவு. பத்துக் கிராம்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் போக மிஞ்சும் சத்தைப் பாருங்கள்: ஒன்றில் 10 கிராம், மற்றதில் 20 கிராம். ஒரு பிடி சின்ன வெங்காயம் கறிக்குக் கொடுக்கிற இனிப்பும் மணமும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த முறை சூரை மீன் குழம்பு வைக்கும்போது சட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பம்பாய் வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் தண்ணீர் விடும். முதலில் அவியும், தண்ணீர் வற்றிய பிறகுதான் வதங்கும். அதற்குள் வெந்தயம் கருகிவிடும். சின்ன வெங்காயம் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரம் சிவக்கும். பிறகு புளி விட்டுக் கொதித்தாலும் கரையாமல் முழுசாக நிற்கும். மீன் குழம்பு, சொதி, கருவாட்டுக் கறி மூன்றுக்கும் நான் சின்ன வெங்காயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டைச் சம்பலுக்கும் அப்படித்தான். அதில் ஒரு விஷயம்: செத்தல் மிளகாயும் உப்பும் மாசியும் நன்றாக அரைபட்ட பிறகு கடைசியாக வெங்காயத்தைப் போட்டு, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி எடுங்கள். மிக்சியில் விட்டு நைய அரைத்தால் தண்ணீரும் விடும், கசக்கவும் செய்யும்.

மறுபக்கம், சீனிச் சம்பலுக்குப் பம்பாய் வெங்காயமே போதும். ஒரு கிலோவை மெல்லிசாக அரிந்து, மெதுவான நெருப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் தாச்சியில் கிளறினால் தண்ணீர் எல்லாம் போய், கால்வாசியாகச் சுண்டி, தானாகவே இனிக்கும். அதன் பிறகு போடுகிற சீனியைக் குறைக்கலாம். கொத்து ரொட்டி, முட்டைப் பொரியல், பருப்புக் கறி, இறைச்சிக் கறி எல்லாவற்றுக்கும் பம்பாய் வெங்காயம் தாராளம். மாற்றிப் போட வேண்டி வந்தால், நடுத்தரமான ஒரு பம்பாய் வெங்காயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம் கணக்கு.

கேள்வி: நிலாவெளி வீதியில் தாளோடு கட்டி வைத்திருந்த வெங்காயம் மலிவாக இருந்தது என்று 5 கிலோ வாங்கினேன். இரண்டு கிழமையில் பாதி அழுகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றவில்லை, அது தோட்டத்திலிருந்து அப்போதுதான் கிண்டி வந்த வெங்காயம். அதன் ருசிக்கு ஈடு இல்லை. தாளைக்கூட வறைக்கு அரியலாம். ஆனால் அது ஒரு கிழமைக்குள் சமைத்து முடிக்க வேண்டிய சாமான், சேமித்து வைக்கிற சாமான் இல்லை. காயாத வெங்காயத்தை நிறுத்து வாங்கும்போது, நாளைக்குக் காற்றோடு போகப்போகிற தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். மலிவு என்று தெரிந்த விலையும் அப்படிப் பார்த்தால் அவ்வளவு மலிவு இல்லை.

வைத்துப் பாவிக்க வாங்குகிறீர்கள் என்றால் கழுத்தைப் பாருங்கள். தாள் இருந்த இடத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமர்த்திப் பாருங்கள். காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருந்தால் வாங்கலாம். தடித்து, மெத்தென்று அமுங்கினால் அழுகல் அங்கேதான் தொடங்கும். கையில் அள்ளினால் தோல் சரசரக்க வேண்டும். நானும் ஒருமுறை மூட்டையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டில் கொட்டினால் அடியில் இருந்ததெல்லாம் ஈரம். அன்றிலிருந்து கையை அடிவரைக்கும் விட்டுப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நீங்களும் பாருங்கள்.

வீட்டில் பொலித்தீன் பையை விட்டு உடனே வெளியே எடுங்கள். பனையோலைக் கடகத்தில் பரப்பலாம், அல்லது பிடிபிடியாகக் கட்டிக் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடலாம். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள், ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். மாரியில், கார்த்திகை மார்கழி மழை நாட்களில், நம் ஊர்க் காற்றே ஈரம். அப்போது ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முளை வந்த வெங்காயத்தை எறியத் தேவையில்லை, முளையையும் சேர்த்தே சமைக்கலாம்.

விலையைக் காட்சிக்கு வைக்காமல் ஆளுக்கொரு விலை சொன்னாலோ, போட்டிருக்கும் விலைக்கு மேல் வாங்கினாலோ அது வேறு கதை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

கேள்வி: பம்பாய் வெங்காயம் திடீர் திடீரென்று விலை ஏறுவது ஏன்?

பதில்: நாம் இந்தியாவின் வெங்காயத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறோம். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம்தான் பொதுவாகத் தடை நீங்கியது. அதுவும் 40 சதவீத ஏற்றுமதி வரியோடு. அந்த வரி முழுதாக நீங்கியது 2025 ஏப்ரலில். அங்கே இப்படி ஒன்று நடந்தால் இங்கே சந்தையில் தெரிந்துவிடும். தம்புள்ளை, மாத்தளைப் பக்கத்துப் பெரிய வெங்காயம் ஆகஸ்ட் தொடக்கம் ஒக்டோபர் வரை வரும். அந்த மாதங்களில் உள்ளூர் வெங்காயம் எது என்று கேட்டு வாங்குங்கள். அது நம் விவசாயிக்குப் போகிற காசு.

கேள்வி: தோலுக்குக் கீழே கறுப்புத் தூள் இருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: அது பூஞ்சணம். தோலுக்கு அடியில் மட்டும் என்றால் ஒன்றிரண்டு அடுக்கை உரித்து எறிந்து, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். உள்ளே வரைக்கும் போயிருந்தாலோ, சதை கொழகொழத்து நாறினாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். கத்தியையும் பலகையையும் கழுவாமல் அடுத்த வெங்காயத்தை வெட்ட வேண்டாம்.

கேள்வி: வெட்டும்போது கண் எரியாமல் இருக்க வழி?

பதில்: கூரான கத்தி. வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். வேர்ப் பக்கத்தைக் கடைசியாக வெட்டுங்கள். பச்சையாகச் சாப்பிடும் சம்பலுக்கு என்றால், அரிந்ததும் உப்புப் போட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் விட்டுப் பிழிந்துவிட்டுத் தேசிக்காய் விடுங்கள். காரம் இறங்கி, நிறமும் இளஞ்சிவப்பாக வரும்.