பொறந்த குழந்தைக்காக எழுதின ராக் பாட்டுல உங்க மனசுல நின்னது எது? ஏன்?

ஸ்டெயின்ட் பேண்டோட 'ஸோயி ஜேன்'. எனக்கு யோசிக்கவே தேவையில்ல.

பேண்ட் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்ப்ரிங்ஃபீல்டுனு ஒரு ஊரு, அங்க 1995ல ஆரம்பிச்ச பேண்ட். பாடறது ஆரன் லூயிஸ், கிட்டார் மைக் மஷாக், பேஸ் ஜானி ஏப்ரல், ட்ரம்ஸ் அப்போ ஜான் வைசாக்கி. 2001ல வந்த 'பிரேக் தி சைக்கிள்' ஆல்பம் பில்போர்டுல, அதாவது அமெரிக்க ஆல்பம் தரவரிசைப் பட்டியல்ல, முதல் இடம், அதுல இருந்த 'இட்ஸ் பீன் அவைல்' பாட்டு அந்தக் காலத்துல ராக் கேட்ட யாருக்கும் மறந்திருக்காது. நான் மரைன் இன்ஜினியரிங் படிச்சப்போ ஹாஸ்டல்ல எவனோ ரைட் பண்ணிக் கொண்டு வந்த எம்பி3 சிடில தான் இவங்க அறிமுகம், அப்போ எங்களுக்குப் பிடிச்சதெல்லாம் அந்தக் கோவம் தான். மஷாக் கிட்டாரை நல்லா கீழ இறக்கி ட்யூன் பண்ணி வாசிப்பாரு, அந்தச் சத்தம் வயித்துல வந்து முட்டும்.

அடுத்த ஆல்பம் 2003 மே மாசம் வந்துச்சு, '14 ஷேட்ஸ் ஆஃப் க்ரே', அதுவும் முதல் இடம். 'ஸோயி ஜேன்' அதுல ஆறாவது பாட்டு. 2002ல லூயிஸுக்கு மூத்த பொண்ணு பொறக்குது, அந்தக் குழந்தையோட பேரு தான் பாட்டோட பேரு. சிங்கிளா ரிலீஸ் பண்ணாங்க, ஆனா அதே ஆல்பத்துல இருந்த 'ஸோ ஃபார் அவே' அளவுக்கு ஓடல. காலேஜ்ல நாங்க அதை ஸ்கிப் பண்ணிட்டுப் போவோம், உண்மைய சொல்லணும்ல, பத்தொம்போது வயசுப் பையனுக்கு அதுல என்ன இருக்கு.

எனக்கு அந்தப் பாட்டு 2014ல தான் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னா நிஜமாவே அப்போ தான் காதுல விழுந்துச்சு.

பொண்ணு பொறந்து 22 நாள், பேர் வச்சு ஆறு நாள் ஆச்சு, ஷிப் ஜாயின் பண்ணச் சொல்லி டிக்கெட் வந்துருச்சு. விடியக்காலை நாலு மணிக்கு வண்டி. வாசல்ல பேக் எல்லாம் ஏத்தியாச்சு, நான் மறுபடி உள்ள போய் தொட்டில விலக்கிப் பாத்தேன், கைய மூடி வச்சுக்கிட்டு தூங்கிட்டு இருந்தா, என் சுண்டு விரல உள்ள விட்டதும் பிடிச்சுக்கிட்டா, எடுக்க மனசே வரல, மாமியார் தான் "போங்க மாப்ள, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாங்க. அப்போ நான் ஃபோர்த் இன்ஜினியர், எட்டு மாச காண்ட்ராக்ட். அந்தக் கப்பல்ல இப்ப மாதிரி வைஃபை எல்லாம் கெடையாது, சாட்டிலைட் போன் தான், சுரண்டற கார்டு வாங்கிப் பேசணும், நாம பேசினது அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு செகண்ட் ஆகும். குழந்தை அழற சத்தம் கேக்கும், நான் "செல்லம்"னு சொல்றதுக்குள்ள அழுகை நின்னிருக்கும்.

மூணாவது வாரமோ என்னவோ, வாட்ச், அதாவது ஷிஃப்ட், முடிச்சு கேபினுக்கு வந்து பழைய பாட்டெல்லாம் ஷஃபிள்ல போட்டுட்டு, வேலைக்குப் போடற பாய்லர் சூட்டக் கழட்டிட்டு இருந்தேன், இது வந்துச்சு. பாட்டுல அந்த அப்பா காலைல வீட்ட விட்டுக் கெளம்பறாரு, வாசலுக்கு நடந்து போறப்பவே அழறாரு, எத்தன நாள் ஆகுமோ திரும்பி வரன்னு. நான் இல்லாதது உனக்குத் தெரியணும்னு குழந்தைகிட்ட கேக்கறாரு பாருங்க, அந்த இடத்துல நான் உக்காந்துட்டேன். தாலாட்டுன்னா பொதுவா கண்ணே மணியே, நான் இருக்கேன் நீ தூங்குன்னு வரும். இது நான் இல்லையேங்கற பாட்டு. டூர் போற பாடகனுக்கும் கப்பல்காரனுக்கும் ஒரே பொழப்பு தான், வீட்டுக்கு சோறு போடற வேலை தான் வீட்ட விட்டுப் பிரிக்குது.

எங்க போசன், அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி, ஃபிலிப்பினோ, நாலு குழந்தைக்கு அப்பா, அதுல ரெண்டு பேர் அவர் கடல்ல இருக்கறப்போ பொறந்தவங்க. ஞாயித்துக்கெழம மெஸ் ரூம்ல கிட்டார் வாசிப்பாரு. அவருக்கு ஸ்டெயின்ட் எல்லாம் தெரியாது, நான் போட்டுக் காட்டினேன். முழுசா ஒரு வார்த்தை பேசாம கேட்டாரு. "ஃபோர்த், இன்னொரு தடவ போடு"ன்னாரு. நாலஞ்சு தடவ போட்டதுல கிட்டார் கார்ட்ஸ் பிடிச்சுட்டாரு, அப்புறம் அந்த காண்ட்ராக்ட் முழுக்க அந்தப் பாட்டு இல்லாம ஞாயித்துக்கெழம கெடையாது. வரி தப்பாத் தான் பாடுவாரு, பேரு வர்ற எடத்துல மட்டும் தன் கடைசிப் பொண்ணு பேரப் போட்டுப்பாரு.

இந்தப் பாட்ட கொண்டாடறவங்க நெறய பேரு கவனிக்காம விடற விஷயம் ஒண்ணு இருக்கு. 'பிரேக் தி சைக்கிள்'ல 'ஃபார் யூ'ன்னு ஒரு பாட்டு, அது பெத்தவங்க காதுலயே போட்டுக்காத ஒரு பையன் அவங்கள பாத்து கத்தற பாட்டு. அதே தொண்ட தான் ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவா பாடுது. நான் பட்டதெல்லாம் உன்ன அண்டக்கூடாதுன்னு அவர் சொல்றப்போ, என்ன பட்டார்னு கேக்கறவனுக்கு ஏற்கனவே தெரியும், போன ஆல்பத்துல அலறி இருக்காரே. அதனால தான் இது சும்மா இனிப்பா இல்லாம கனமா இருக்கு. குழந்தை பொறந்த சந்தோஷத்த யார் வேணா பாடலாம், இந்த பயத்தோட பாட அந்த முன்கதை வேணும்னு நான் நெனைக்கறேன்.

இன்னொண்ணு. ஆலிஸ் இன் செயின்ஸ்ங்கற ராக் பேண்டோட பாடகர் லேன் ஸ்டேலி, போதைப்பொருளால செத்து சியாட்டில்ல அவரோட வீட்டுக்குள்ளயே ரெண்டு வாரம் யாருக்கும் தெரியாம கெடந்தாரு, வயசு 34 தான். உடம்பைக் கண்டுபிடிச்சது 2002 ஏப்ரல் 19. லூயிஸோட பொண்ணு பொறந்ததும் அதே நாள். அதே ஆல்பத்துல எட்டாவது பாட்டு 'லேன்', அவருக்காக எழுதினது. ஒரே நாள்ல வந்த ரெண்டு சேதி, நடுவுல ஒரே ஒரு பாட்டு தள்ளி ரெண்டு பாட்டா இருக்கு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் என்னால ஆறாவது பாட்டோட நிறுத்த முடியல, எட்டு வரைக்கும் ஓட விட்டுருவேன்.

நான் காண்ட்ராக்ட் முடிஞ்சு சைன் ஆஃப் ஆகி வீட்டுக்கு வந்தப்போ பொண்ணு தவழ ஆரம்பிச்சிருந்தா. என்னைப் பாத்து அழுதுட்டு அவங்க அம்மா தோள்ல மூஞ்சிய பொதச்சுக்கிட்டா. மூணு நாள் ஆச்சு என்கிட்ட வர.

கேக்கறதா இருந்தா 'ஃபார் யூ' முதல்ல, அப்புறம் 'ஸோயி ஜேன்', அப்புறம் 'லேன்'. ஹெட்போன்ல கேளுங்க, ராத்திரி கேளுங்க.