பெண் பிள்ளைக்கு மழை, முகில், வானம் சார்ந்த பெயர் வைக்கலாமா? வீட்டில் கூடாது என்கிறார்கள்

தாராளமாக வையுங்கள். உங்கள் வீட்டிலும் மாமியோ பெரியம்மாவோ யாரோ ஒருவர்தான் மறித்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். என் மகளின் பெயர் முகில். மகம் நட்சத்திரம், ம, மி, மு, மே என்ற எழுத்தில் தொடங்க வேண்டும் என்று சாத்திரியார் சொன்னார், உடனே எனக்கு வாயில் வந்தது அதுதான்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு (பிள்ளை பிறந்த தீட்டுக் கழிக்கும் சடங்கு) வந்த சனம் முழுக்க இதே கதை. பிள்ளையே கறுப்பு, பெயரிலும் எதற்குக் கறுப்பு என்று ஒரு மச்சாள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அது ஆம்பிளைப் பெயர் என்று இன்னொருவர். மாமியின் கதை வேறு. மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ணால் கண்டவர், கூரை பறந்ததையும் தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்ததையும் சொல்லி, நம்மை அழித்ததைப் போய்ப் பிள்ளைக்கு வைப்பதா என்று அழுதேவிட்டார். அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் காணி மானாவாரி, ஐப்பசி கார்த்திகையில் வானம் இருட்டினால்தான் முன்மாரி வேளாண்மை, அதாவது மழையை நம்பி விதைக்கும் நெல். மழை பிந்தினால் அதே மாமிதான் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார். மழை கேட்டு அம்மன் கோயிலில் காவியம் பாடுகிற சனம் நாங்கள், சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று ஊரையே வானத்தைப் பார்த்துப் பிரித்தவர்கள். மாரியம்மன் பெயரிலேயே மாரி இருக்கிறது, அதை யாராவது கூடாது என்கிறார்களா?

அப்புறம், மழை என்றாலே அழிவு என்பவர்களுக்கு ஒன்று. வெள்ளத்துக்கு மழை மட்டுமா காரணம்? வாவி நிரம்பி வயலுக்குள் ஏற, முகத்துவாரத்தை (வாவி கடலில் சேரும் வாயை) வெட்டுங்கள் என்று நாங்கள் கத்த, இப்போது வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீன்பிடிக்காரர் மறிக்க (அவர்களுக்கும் வயிறு இருக்கிறது), முடிவெடுக்க வேண்டியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போட்டு முடிப்பதற்குள் எங்கள் வேளாண்மை தண்ணீருக்குள்ளேயே அழுகிப்போனது. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும், ஆனால் பழியை மழையின் தலையில் போட்டால் எனக்குப் பொறுக்காது.

சரி, பெயர்கள். பெண்ணுக்கு வானதி, வான்மதி, வெண்ணிலா, தாரகை, இளமதி. பையன் என்றால் முகிலன், ஆதவன், பரிதி, கதிரவன். கொண்டல் என்றும் வைக்கலாம், எங்கள் பக்கம் மழை கொண்டுவரும் காற்று அது. பக்கத்து ஊர் முஸ்லிம் ஆட்கள் பிறைக்கு ஹிலால், நட்சத்திரத்துக்கு நஜ்மா என்று அழகாக வைக்கிறார்கள். சாத்திரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வடமொழிப் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் இல்லை, என் தம்பியின் பிள்ளைகளுக்கே அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் கவனம், பெயரை எங்கே எழுதினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பாலர் பாடசாலையில் பெண் பிள்ளை என்றால் முகிலாவாகத்தான் இருக்கும் என்று டீச்சர் தானாகவே கடைசியில் ஓர் அரவை (ா என்ற குறியை) சேர்த்துவிட்டார். பதிவேட்டில் சிவப்புப் பேனையால் வெட்டித் திருத்தும்வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை.